கை நனைக்காத விருந்தாளி

என் வீட்டுக்காரர் சுருளிராஜனுக்கு மூன்று வருடமாக நெஞ்செரிச்சல். டாக்டரிடம் போகமாட்டார். தேனி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருப்பவருக்கு டாக்டர் எதற்கு? மண்டிக்கு வந்துபோகிற அத்தனை பேரும் வைத்தியர்கள்தானே. ஒருவர் வெறும் வயிற்றில் வெண்பூசணிச் சாறு என்றார், குடித்தார். இன்னொருவர் ஆறிய பால் என்றார், அதையும் குடித்தார். பால்தான் விஷமே என்று மூன்றாமவர் சொன்ன அன்று, குடித்த பாலுக்குப் பரிகாரமாக ஆப்பச்சோடாவைக் கலக்கிக் குடித்து, மண்டி அதிர ஏப்பம் விட்டார். பரோட்டாவை விடச் சொன்னது நான் மட்டும்தான். உனக்கு என்ன வைத்தியம் தெரியும் என்று கேட்டார்.

எங்கள் மகள் சுபாஸ்ரீ, கூட வேலை பார்க்கும் அஜய்குமாரைத்தான் கட்டுவேன் என்றாள். பையன் கோம்பைக்காரன், எங்கள் ஆட்கள்தான், நல்ல வேலை. அவளே பார்த்த மாப்பிள்ளை என்பதைத் தவிர ஒரு குறையும் கிடையாது. இவருக்கு அந்த ஒரு குறையே போதுமாக இருந்தது. ஒரு மாதமாகப் பிள்ளை அழுததை என்னால் தாங்க முடியவில்லை. கடைசியில், பையன் வீட்டைப் போய்ப் பார்க்க மட்டும் சம்மதித்தார். அதிலும் ஒரு தந்திரம். சம்மதம் என்றால்தான் சம்பந்தம் பேசப் போன வீட்டில் கை நனைப்பது எங்கள் வழக்கம். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டால் பேச்சு முடிந்தது. வேண்டாம் என்று வாயால் சொல்லும் சங்கடம்கூட இல்லை.

பசி வந்து காரியத்தைக் கெடுத்துவிடக் கூடாதென்று உத்தமபாளையத்தில் காரை நிறுத்தி, நாலு பரோட்டா, சால்னா, ஆம்லெட் என்று ஒரு பிடி பிடித்தார். கொள்கைக்காக மனிதர் எவ்வளவு கஷ்டப்படுகிறார் பாருங்கள்.

கோம்பையில் பையனின் அம்மா சந்தனம்மாள் காபி கொண்டுவந்தார். இவர் கும்பிட்டு மறுத்தார். பலகாரத் தட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. அஜய்குமாரின் முகம் செத்துப்போனது. எனக்கு வயிறு எரிந்தது. அதற்குள் சால்னா வேலையைக் காட்ட, இவருக்கு நெஞ்சு எரிந்தது. ஏப்பம் பாதியில் நிற்க, நெஞ்சை நீவிக்கொண்டே என் பக்கம் சாய்ந்தார்.

"ஜோதி, அந்தச் சீரகத் தண்ணி பாட்டில எடு."

எங்கே போனாலும் அது என் பையில்தான் இருக்கும். அன்றும் இருந்தது, முழுப் பாட்டில். பையை மடியோடு அணைத்துக்கொண்டேன்.

"வீட்டுலயே மறந்து வச்சுட்டு வந்துட்டேங்க."

முப்பது வருடத்தில் இவரிடம் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். இத்தனை சந்தோஷமாக ஒன்றைச் சொன்னதில்லை.

சந்தனம்மாள் காதில் அது விழுந்துவிட்டது. உள்ளே போய்ச் சீரகத்தை வறுத்துக் கொதிக்கவைத்து, இளஞ்சூட்டில் ஒரு செம்பு நிறையக் கொண்டுவந்து நீட்டினார். அதுவரை புழுவாய் நெளிந்துகொண்டிருந்த இவர் செம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மருந்துக்கெல்லாம் வழக்கம் கிடையாது என்று முனகிக்கொண்டே வாங்கினார். பாதி உள்ளே போனபிறகுதான் முகத்தில் உயிர் வந்தது. செம்பைக் கீழே வைக்கப் போனார்.

"முழுசும் குடிங்க சம்மந்தி. பாதியில வச்சா எரிச்சல் திரும்பவும் வந்துரும்."

செம்பு அந்தரத்தில் நின்றது. பிறகு இவர் கண்ணை மூடிக்கொண்டு அண்ணாந்தார். காலிச் செம்பை வைத்துவிட்டு ஈரக் கையைத் துடைக்கத் துண்டைத் தேடுவதற்குள், நான் வாசலில் நின்று சுபாஸ்ரீக்கு போன் போட்டிருந்தேன்.