செலீன் தூக்கிய பை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது என் கற்பனையில் பிறந்த கதை அல்ல, கேட்டு வாங்கிய கதை. கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் பங்குக் கோயில் நடத்தும் சஞ்சிகையின் மாசி இதழுக்கு பாதர் ஒரு பக்கம் எழுதச் சொன்னார். தலைப்பையும் அவரே தந்தார்: ‘புத்தாண்டும் புதுப்பிக்கப்படும் விசுவாசமும்.’

‘புதிய ஆண்டு மலரும்போது நம் உள்ளங்களும்—’

இதற்கு மேல் பேனா நகரவில்லை. பாதரிடம் சொன்னேன். “செலீனைப் போய்ப் பாருங்கோ” என்றார். “வருசம் முதலாந் திகதிப் பூசையில ஏதோ நடந்ததாம். நல்ல சாட்சியம்.”

போனேன். சாட்சியம் கிடைக்கவில்லை. இது கிடைத்தது.

2

தொடக்கம் ஒன்று: ‘2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று கோயிலில் வெடித்த குண்டில் செலீன் தன் கணவர் றெஜினோல்டை இழந்தாள்.’

உண்மைதான். ஆனால் இப்படித் தொடங்கினால் வாசகர் அப்போதே அவளுக்காக இரங்கத் தொடங்கிவிடுவார். இரக்கத்தைப் பற்றிச் செலீன் சொன்னது: “வேண்டாம் மிஸ். அது நிறையக் கிடைச்சிட்டுது.”

தொடக்கம் இரண்டு: ‘அதற்குப் பிறகு செலீன் எந்தக் கோயிலுக்குள்ளும் போகவில்லை. ஞாயிறுகளில் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று ஒலிபெருக்கியில் பூசை கேட்பாள்.’

இது பரவாயில்லை. இதிலிருந்தே போகிறேன்.

அவளுடைய தங்கை டிலானிக்குக் கலியாணமாகி வெகுகாலத்துக்குப் பிறகு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. புத்தாண்டு அன்று பூசை முடிந்ததும் ஞானஸ்நானம். செலீன்தான் ஞானத்தாய் என்று டிலானி பிடிவாதமாக நின்றாள்.

“நடைபாதையில நிண்டுகொண்டு ஞானத்தாயா இருக்க ஏலாது அக்கா. நீங்க உள்ளுக்கு வரணும். இல்லாட்டி என்ட பிள்ளைக்கு ஞானஸ்நானமே வேண்டாம்.”

செலீன் ஒரு நிபந்தனை வைத்தாள்: பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண் றலியாவும் கூட வரவேண்டும். கணவர் போனபின் மாதக்கணக்காக இரண்டு வேளையும் சோறு கொண்டுவந்து, அவள் சாப்பிடும்வரை எழும்பாமல் இருந்தவள் றலியா. “அவ பக்கத்தில இருந்தா எனக்குக் கால் நடுங்காது” என்றாள் செலீன்.

(இந்த இடத்தில் மத நல்லிணக்கம் பற்றி ஒரு பந்தி எழுதி வெட்டிவிட்டேன். கோயில் வாசலில் நின்ற தொண்டர்கள் செலீனின் கைப்பையை ஒருமுறை பார்த்தார்கள், றலியாவுடையதை இரண்டுமுறை. செலீனுக்குக் கோபம் வந்தது. “விடுங்க, பாக்கட்டும்” என்றாள் றலியா. வெட்டிய பந்தி சொல்லவந்ததை இது சொல்லிவிடுகிறது.)

3

கடைசி வாங்கில், கதவோரமாகச் செலீனும் றலியாவும் உட்கார்ந்திருந்தார்கள். டிலானி பாடகர் குழுவோடு மேல்மாடத்தில் நின்றாள். குழந்தை செலீனின் மடியில் தூங்கியது. பாதர் புத்தாண்டுப் பிரசங்கத்தை முடித்து, எல்லோரையும் ஞானஸ்நான வாக்குறுதிகளைப் புதுப்பிக்கும்படி எழுந்து நிற்கச் சொன்னார்.

அப்போது பக்கக் கதவால் ஓர் இளைஞன் வந்தான். முதுகில் கறுப்புப் பை. செலீனுக்கு நேர்முன்னே இருந்த வாங்கின் ஓரத்தில் முழந்தாளிட்டான். பையைக் கழற்றி வாங்கின் அடியில் தள்ளினான். திரும்பிப் பார்த்தான். எழுந்து வெளியே போனான்.

பை மட்டும் இருந்தது, அவள் கால் எட்டும் தூரத்தில்.

“சர்வேசுரனை விசுவசிக்கிறீர்களா?” என்றார் பாதர்.

“விசுவசிக்கிறோம்” என்றது கோயில்.

செலீன் வாசலைப் பார்த்தாள். தொண்டர்களும் வாக்குறுதி சொல்வதற்காக உள்ளே வந்து முன்னால் நின்றார்கள். கத்தலாம். ஆனால் கோயில் நிறையப் பிள்ளைகள்.

“கத்தியிருந்தா சனம் மிதிபட்டே செத்திருக்கும், மிஸ்.”

குழந்தையைத் தூக்கி றலியாவிடம் நீட்டினாள். “பிடியுங்க. பக்கக் கதவால வெளிய போங்க. ஓடாதேங்க.”

“என்ன செலீன்? நீங்க?”

 செலீன் குனிந்து, பையை இழுத்து, இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதிர்ப்பக்கமாக நடந்தாள்.

4

இங்கேதான் நான் பலநாள் நின்றுவிட்டேன். நடக்கும்போது அவள் என்ன நினைத்தாள்?

‘அவள் உதடுகள் செபித்தன—’ இல்லை.

‘றெஜினோல்டின் முகம் அவள் கண்முன்—’ அதுவும் இல்லை.

“ஒண்டும் நினைக்கேல்ல. பை பாரமா இருந்தது. அவ்வளவுதான்” என்றாள்.

றலியாவின் பக்கத்தையும் கேட்டேன். “நான் ரோட்டுக்கு வந்து நிக்கிறன், கையில புள்ள. ஒவ்வொருத்தரும் என்னையே பாக்கிற மாதிரி இரிந்திச்சி. யார்ட புள்ள எண்டு கேட்டா என்னத்தச் சொல்ற? உள்ளுக்கு வெடிச்சா, நான்தான் முதல் ஆள் எண்டு சொல்லுவாங்க. ஆனா புள்ளைய விட ஏலுமா? புடிச்சிட்டே நிண்டன்.”

கோயிலின் பின்னால் ஒரு வெற்று நிலம் இருக்கிறது. மதில்வரை போன செலீன் பையைக் கீழே வைக்கக் குனிந்தபோது பின்னாலிருந்து ஒரு சத்தம்.

“அக்கே! ஏக்க மகே!”

அது என்னுடையது என்று சிங்களத்தில் கத்திக்கொண்டு அந்த இளைஞன் ஓடிவந்தான். துறைமுகத்தில் வேலை முடித்து நேரே வந்தவன். படியேற முடியாத தாயை முச்சக்கர வண்டியிலிருந்து கூட்டிவர வெளியே போயிருந்தான். இடம் பிடிக்கத்தான் பையை வைத்தான்.

திறந்து காட்டச் சொன்னாள். வேலைச் சப்பாத்து, அழுக்கு உடுப்பு, பாதி சாப்பிட்ட சோற்றுப் பார்சல்.

செலீன் அவன் கன்னத்தில் அறைந்தாள்.

(பாதர் இந்த வரியை எடுக்கச் சொல்கிறார். முதல் வரைவில் எடுத்தேன். அறை இல்லாமல் செலீன் பீடத்துச் சொரூபம்போல நின்றாள். யாரும் அவளிடம் போய்ப் பேசமுடியாது. திரும்பச் சேர்த்துவிட்டேன்.)

அவனுக்கு விளங்கச் சிறிது நேரம் எடுத்தது. விளங்கியதும் நிலத்தில் குந்தி அழுதான். அவள் கண் துடைக்கத் தன் லேஞ்சியை அவனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

5

பூசை முடிந்திருந்தது. மேலிருந்து எல்லாவற்றையும் பார்த்த டிலானி, றலியாவிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு வாசலில் நின்றாள். 

“உங்களுக்குச் சாகத்தானே விருப்பம்? அத்தான் போன அண்டையிலிருந்து உங்களுக்கு அதுதானே வேணும்?”

 டிலானி செலீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழந்தையை அவள் கையில் வைத்து, தோளைப் பிடித்து உள்ளே தள்ளினாள்.

ஞானஸ்நானத் தொட்டியருகே, நடந்தது எதுவும் தெரியாத பாதர், பெற்றோரையும் ஞானப்பெற்றோரையும் பார்த்துக் கேட்டார்: “விசுவசிக்கிறீர்களா?”

6

குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடைத்தது. பெயர் ஷெரோன். இதில் சந்தேகம் வேண்டாம். என்னிடம் இல்லாதது செலீனின் பதில்தான்.

முடிவு (அ): அவள் குரல் எல்லோரையும் விட உயர்ந்து ஒலித்தது. பாதருக்கு இது பிடிக்கும்.

முடிவு (ஆ): மற்றவர்கள் ‘விசுவசிக்கிறோம்’ என்றார்கள், அவள் வாய் திறக்கவில்லை. சாகத் துணிந்ததை விசுவாசம் என்று எண்ணிவிடக் கூடாது என்பவர்களுக்கு இது பிடிக்கும். அந்த நடை விசுவாசமா விரக்தியா என்று எனக்கே தெரியாத இரவுகளில் எனக்கும் பிடித்திருந்தது.

இரண்டையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

“ரெண்டிலயும் நான் இல்ல, மிஸ்.”

“அப்ப என்னதான் சொன்னீங்க, செலீன்?”

கோப்பையை என் பக்கம் நகர்த்தினாள்.

“நீங்களும் அண்டைக்கு முன்வாங்கில நிண்டனீங்கதானே. நான் பையோட போகேக்க உங்கட சத்தம் தனியாக் கேட்டது. விசுவசிக்கிறோம் எண்டு. அப்ப நீங்க என்ன நினைச்சுச் சொன்னீங்க?”

தேத்தண்ணீர் ஆறும்வரை யோசித்தேன். அந்த நேரத்தில் என் மனதில் எதுவும் இருந்ததாக நினைவில்லை.

ஆகவே முடிவு எழுதவில்லை. பாதருக்கு அனுப்பும் பிரதியில் ‘விசுவசிக்கிறீர்களா?’ என்ற கேள்விக்குக் கீழே இரண்டு வரி இடம் விட்டிருக்கிறேன். சென்ற புத்தாண்டன்று நீங்களும் ஏதோ ஒரு கோயிலில் எழுந்து நின்றிருப்பீர்கள், உங்களிடமும் கேட்டிருப்பார்கள். அந்த இடத்தைச் செலீனுக்காக நிரப்பவேண்டாம்.