இருநூற்றுப் பதினாறு படங்கள்

அம்பகரத்தூர் உத்திராபதி தன் அலுவலக வாசலிலிருந்து நாற்காலிக்குப் போய்ச் சேர இருநூற்றுப் பதினாறு படங்கள் தேவைப்பட்டன. பதினெட்டு காலடி, காலடிக்குப் பன்னிரண்டு படம். மகள் சுகிர்தா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு சாண் உயரக் களிமண் பொம்மையின் காலைக் கொஞ்சம் நகர்த்தி, செல்போனில் ஒரு படம் எடுப்பாள். அவரும் அவ்வளவு நகர்வார். பத்து மணிக்கு வாசலில் இறக்கிவிட்டால் பதினொன்றரைக்கு நாற்காலியில் இருப்பார். கையெழுத்துப் போட இன்னும் முக்கால் மணி நேரம். அலுவலகத்தில் யாருக்கும் அது பெரிய தாமதமாகப் படவில்லை.

இதற்கு நான்கு மாதம் முன்பு அதே மனிதர் மகள் செய்த ஒன்பது பொம்மைகளை வாய்க்காலில் வீசியிருந்தார். சுகிர்தா காரைக்காலில் ஒரு கல்லூரியில் காட்சித் தொடர்பியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். ஸ்டாப் மோஷன் என்ற பாடத்தில், பொம்மையைத் துளித்துளியாக நகர்த்திப் படமெடுத்து, படங்களை வரிசையாக ஓடவிட்டு அதை நடக்க வைக்கவேண்டும். பேருந்தில் ஏற முடியாத ஓர் எலிக்குடும்பத்தின் கதையை அவள் எழுபது நாள் எடுத்திருந்தாள். இருபத்தொரு நொடிதான் வந்திருந்தது. உத்திராபதி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அறைக்குள் வந்து, டிகிரி படிக்கப் போனவள் மண்ணைப் பிசைந்துகொண்டிருக்கிறாள் என்று சொல்லி, ஒன்பதையும் ஒரு முறத்தில் அள்ளிக்கொண்டு போனார். வாய்க்காலில் அப்போது தண்ணீர் நிறைய ஓடியது. அம்மா வடிவாம்பாள் பின்னாலேயே போய், காலி முறத்தை வாங்கிக்கொண்டு திரும்பினாள். அதன்பிறகு அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை.

ஆனி மாதம் குளியலறையில் விழுந்தவர் கண்களைத் தவிர வேறு எதையும் அசைக்க முடியாதவராக மருத்துவமனையில் கண் விழித்தார். மருத்துவமனை வராந்தாவில் காத்திருந்த சுகிர்தா, மிச்சமிருந்த களிமண் உருண்டையை அலுமினியக் கம்பிமேல் அப்பி ஒரு ஆள் செய்தாள். யாரை என்று நினைத்துச் செய்யவில்லை. வழுக்கையும் தொந்தியும் தானாக வந்தன. சும்மா இருக்கிறோமே என்று பொம்மையின் வலது கையை விரலளவு தூக்கி ஒரு படம் எடுத்தாள். உள்ளே கட்டிலில் உத்திராபதியின் வலது கை விரலளவு எழுந்து அப்படியே நின்றது. பார்த்துக்கொண்டிருந்த வடிவாம்பாள் நர்ஸைக் கூப்பிட்டாள். நர்ஸ் வந்து பார்த்து, கை எழுந்திருப்பதாகச் சீட்டில் குறித்துக்கொண்டு போனார்.

மகன் தமிழ்ச்செல்வனுக்கு அப்போது பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா அரசு வேலையில் இருக்கவேண்டும் என்று சம்பந்தி வீட்டார் எதிர்பார்த்தார்கள். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருஷம் இருந்தது. வடிவாம்பாள் மகளிடம், "மூணு வருஷம்தான சுகிர்தா, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள போயிடும்," என்றாள். தமிழ்ச்செல்வன் காலையில் அப்பாவைச் சாமி சிலையைத் தூக்குவதுபோலத் தூக்கி ஆட்டோவில் வைப்பான், சாயங்காலம் இறக்குவான். மற்றதெல்லாம் சுகிர்தா. ஒரு வாய் சோற்றுக்கு முப்பது படம். தட்டில் குழம்பு காய்ந்துவிடும் என்பதால் வடிவாம்பாள் தயிர்சாதமாகவே பிசைந்து வைத்தாள்.

திருமணத்தில் உத்திராபதி தாலியை ஆசீர்வதித்துக் கொடுத்தார். நல்ல நேரம் தவறக்கூடாது என்று அவருடைய கையை முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே கிளப்பிவிட்டார்கள். சுகிர்தா மேடைக்குப் பின்னால் ஜமுக்காளக் குவியல்மேல் உட்கார்ந்து வேலை பார்த்தாள். குடும்பப் படம் எடுக்கும்போது அவளைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்தால் அப்பா பாதிக் கும்பிடில் நின்றுவிடுவார் என்பதால் அவள் வரவில்லை. அந்தப் படத்தில் எல்லாரும் இருக்கிறார்கள்.

கல்லூரியில் ரொனால்ட் சார் நல்லவர். ஒரு நிமிஷப் படம் போதும், அந்தப் பொம்மையை வைத்தே எடுத்துக் கொடு என்றார். அது எங்கப்பா சார் என்றாள் சுகிர்தா. "எல்லாரும் அவங்கவங்க வீட்டு ஆளத்தாம்மா செய்யிறாங்க," என்றார் அவர். அவள் புதிதாக ஒரு தவளை செய்தாள். அதை நகர்த்தினால் அது மட்டும் நகர்ந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அலுவலகம், சாப்பாடு, குளியல் போக ஒரு நாளில் அவளுக்கு மிஞ்சிய நேரத்தில் தவளை ஒரு கண் சிமிட்டக்கூட முடியவில்லை. அந்த வருஷம் உத்திராபதியின் வருகைப் பதிவு முழுமையாக இருந்தது. சுகிர்தாவுக்கு வருகை போதவில்லை என்று தேர்வெழுத விடவில்லை. அடுத்த வருஷம் அவளோடு படித்தவர்கள் படிப்பை முடித்து சென்னைக்கும் கொச்சிக்கும் வேலைக்குப் போனார்கள்.

அவளிடம் ஒரு டப்பாவில் வாய்கள் இருந்தன. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒன்றாக, பொம்மை முகத்தில் ஒட்டி எடுக்கிற சின்னக் களிமண் உதடுகள். அலுவலகத்தில் 'சரிங்க' என்று சொல்லவைப்பதற்காகச் செய்தவை. ஒருநாள் மத்தியானம் அம்மா கோயிலுக்குப் போயிருந்தபோது அவள் அந்த டப்பாவைத் திறந்தாள். அப்பாவை எதிரே உட்காரவைத்து, இரண்டு மணி நேரம் உதடு மாற்றி மாற்றி எடுத்தாள். உத்திராபதி, "நான் பண்ணது தப்புதாம்மா," என்றார். குரல் அவருடையதுதான். ஆனால் அவர் ஒருநாளும் அவளை அம்மா என்று கூப்பிட்டவரில்லை, 'இந்தா' என்றுதான் கூப்பிடுவார். தான் எழுதிய வசனத்தைத் தானே கேட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். பொம்மைக்கு அவள் இமை வைக்கவில்லை, கண்கள் மட்டும் அவருக்குச் சொந்தமாக இருந்தன. அந்தக் கண்கள் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டன. அவள் வாய்களையெல்லாம் ஒன்றாக உருட்டிக் குப்பையில் போட்டாள். அதற்குப்பின் உத்திராபதி எங்கும் எதுவும் பேசவில்லை. அலுவலகத்தில் அவரைப் பண்பானவர் என்றார்கள்.

ஓய்வு பெற்ற அன்று சால்வை போட்டார்கள். தமிழ்ச்செல்வன் மனைவியோடு ஓசூருக்குப் போய்விட்டான். சுகிர்தா கல்லூரிக்கு விண்ணப்பம் எழுதிக் கேட்டதில், ஒரு படம் எடுத்துச் சமர்ப்பித்து, பாக்கித் தேர்வுகளையும் எழுதினால் பட்டம் தருவதாகச் சொன்னார்கள். வேறு பொம்மை செய்ய அவளுக்கு இப்போது நேரம் இருந்தது. செய்தும் பார்த்தாள். மூன்று வருஷத்தில் அவள் கை அந்த ஒரே உடம்பைத்தான் பழகியிருந்தது. மற்ற பொம்மைகள் கட்டைபோல நடந்தன. கடைசியில் பழைய பொம்மையையே மேஜைமேல் நிறுத்தினாள். அவரைக் கேட்டுக்கொண்டு நிறுத்தவில்லை.

கதை சின்னது. ஒரு ஆள் நாற்காலியிலிருந்து எழுந்து கடலுக்குப் போகிறான். நாற்காலியிலிருந்து எழும்வரை வீட்டில் எடுத்தாள். அங்கே காட்சிக்கு ஒரு வெட்டு. அடுத்த படத்தில் உத்திராபதி நாற்காலியில் இல்லை, காரைக்கால் கடற்கரையில் ஈரமணலில் நின்றுகொண்டிருந்தார். வடிவாம்பாளின் நீலப் புடவையை மேஜையில் விரித்துக் கடலாக்கியிருந்தாள். பொம்மையை அதன்மேல் நடத்த, அவர் தண்ணீர்மேல் நடந்தார். நாற்பத்தேழு நாள் நடந்தார். கடற்கரைக்கு வந்தவர்கள் முதல் வாரம் பார்த்தார்கள், அப்புறம் சுண்டல் வாங்கப் போனார்கள். மண்டபத்தூர் மீன்பிடிப் படகுகள் போகும்போது ஒரு இடத்திலும் வரும்போது அதற்குக் கொஞ்சம் தள்ளியும் அவரைக் கண்டன. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே அவருக்குப் பசிக்கவில்லை என்பது சுகிர்தாவுக்குத் தெரியும், அதனால் சாப்பாடு அனுப்பவில்லை.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் படத்தை இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்தார். கடல் புடவைபோலத் தெரிகிறது, நடை மட்டும் அசலாக இருக்கிறது என்று சொல்லித் தேர்ச்சிக்கு வேண்டிய மதிப்பெண் போட்டார். சுகிர்தா வீட்டுக்கு வந்து புடவையை மடித்து வைத்தாள். பொம்மையை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினாள்.

வடிவாம்பாள், "படந்தான் முடிஞ்சிதுல்ல, அவரக் கூட்டியா," என்றாள்.

"திரும்பி வர்ற மாதிரி கத எழுதலம்மா," என்றாள் சுகிர்தா.

வடிவாம்பாள் மகள் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். சுகிர்தா இப்போது நாகப்பட்டினத்தில் ஒரு கல்யாண வீடியோ கடையில் பெயர் எழுத்துகளைப் பறக்கவிடும் வேலை பார்க்கிறாள், சனிக்கிழமை வருவாள். உத்திராபதி கரைக்கு முதுகு காட்டி, இடது கால் முன்னால் வைத்தபடி கடல்மேல் நிற்கிறார். வலை சிக்காமல் இருக்கப் படகுகள் அவரைச் சற்று வளைத்துப் போகின்றன. மீன்பிடித் தடைக்காலத்தில் கடலில் இருக்கிற ஆள் அவர் ஒருவர்தான். வருஷத்துக்கொரு முறை பொங்கலுக்கு வடிவாம்பாள் ஒரு புதுத் துண்டு கொடுத்தனுப்புகிறாள். படகுக்காரர்கள் போகிற வழியில் அதை அவர் தோளில் போட்டுவிட்டு, பழையதை இன்ஜின் துடைக்க எடுத்துக்கொள்கிறார்கள்.