இரண்டு சீட்டு

ஞாயிற்றுக்கிழமை காலை என் மகளும் மருமகனும் சாப்பாட்டு மேசையில் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சண்டை இல்லை, வேலை அப்படி. மென்பொருள் கட்டுவதற்கு முன்னால் அது எப்படி இருக்க வேண்டும் என்று ஆளுக்கொரு படம் வரைவார்களாம், மாடல் என்கிறார்கள். பலர் வரைந்த மாடல்களை ஒன்றாகச் சேர்ப்பது எப்படி என்று வந்த ஆய்வுக்கட்டுரைகளை மகள் தரம் பார்க்கிறாள், பட்டத்துக்காக. இரண்டு படம் முட்டுகிற இடத்தைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டுச் சேர்த்திருந்தால், "மூடி மெழுகிட்டான்" என்று திட்டுவாள். ஒவ்வொரு கட்டுரையையும் அவளும் மருமகனும் தனித்தனியாகப் படித்து, தேறினால் உள்ளே, தேறாவிட்டால் வெளியே என்று சீட்டெழுத வேண்டும். ஒருவர் சீட்டை மற்றவர் பார்க்கக் கூடாது. அதனால் இரண்டும் என்னிடம் வரும். வாரமெல்லாம் கிடங்கில் மூட்டை இறக்கி இடுப்பொடிந்தவனுக்கு உட்கார்ந்த இடத்தில் ஓர் உத்தியோகம். தலை நரைத்த பிறகு எழுத்துக்கூட்டக் கற்றவன் நான். அந்த இரண்டு வார்த்தைக்கு அது போதும்.

இருவரும் ஒத்துப்போகாவிட்டால் மகளின் பேராசிரியர் முடிவு சொல்வார். இப்போது பிரித்தது அவரே எழுதிய கட்டுரையின் சீட்டுகள்.

"மக உள்ளே. மாப்ள வெளியே," என்று படித்தேன்.

இருவரும் சட்டென்று திரும்பினார்கள்.

"இதுல மட்டும் உனக்கு என்ன வந்துச்சு?" என்றாள் மகள்.

"சேத்துப் பாத்த ரெண்டு படமும் அவரே வரைஞ்சது. தன் வலது கையால இடது கையக் குலுக்கிட்டு சமாதானம் ஆயிருச்சுன்னா எப்படி?"

எனக்குச் சிரிப்பு வந்தது. மகள் முறைக்கவும் இருமலாக்கிக்கொண்டேன்.

"என் பட்டத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டியவரு அவரு. உனக்கென்ன, பட்டம் வாங்கியாச்சு. மாத்தி எழுது. அப்பாவத் தவிர யாரும் பாக்கல."

மருமகன் என் கையிலிருந்த அவள் சீட்டைக் காட்டினான். "நல்லாருக்குன்னா நீ உள்ள போட்ட?"

அவள் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள்.

"மாமா, என் சீட்டைக் குடுங்க," என்று கை நீட்டினான். கொடுத்தேன். மாற்றி எழுதித் தொலையட்டும் என்றுதான் எனக்கும் இருந்தது. அவள் பட்டம் வாங்கி ஒரு வேலையில் உட்கார்ந்தால் நான் மூட்டையை இறக்கி வைக்கலாம். அவன் பேனா மூடியைத் திறந்தான்.

"சரி, மூடி மெழுகிருவோம்."

குத்தலாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். தம்ளர் மேசையில் நங்கென்று விழுந்தது. மகள் வந்து சீட்டின் மேல் கையை வைத்தாள்.

"மாத்தாத. ஏன் வெளியன்னு கீழ எழுது. பேரும் போடு."

"உன்னோடது?"

"அது நான் பயந்து போட்டது. அப்படியே இருக்கட்டும்."

அவன் எழுதி முடித்ததும் இரண்டு சீட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கட்டுரையின் நெற்றியில் ஸ்டேப்ளரால் ஓர் அடி அடித்தாள். நாளைக்குப் பேராசிரியர் மேசைக்குப் போகிற கட்டின் மேல் வைத்துவிட்டு, பழையபடி முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"அடுத்ததப் பிரிங்கப்பா."

நான் பிரிக்கவில்லை. மின்விசிறிக் காற்றில் மேல்சீட்டு எழுவதும் படிவதுமாக இருந்தது. உள்ளே. வெளியே. மறுபடி உள்ளே. எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன்.