கம்பியில் கட்டிய துணி

பொழுது விடியுமுன்னே சலவைக்கூடத்தில் ஆவி கிளம்பிவிடும். ஈரத்தில் கல்லாய்க் கனக்கும் விரிப்புகளை இரண்டிரண்டு பேராக உதறி, ஓரம் பிடித்து, கொதிக்கும் இஸ்திரி உருளைக்குள் ஊட்ட வேண்டும். ஆஸ்பத்திரி விரிப்பு ஒரு பக்கம், ஹோட்டல் விரிப்பு ஒரு பக்கம். ஆறு மணிக்குள் இடுப்பு கழன்றுவிடும். அந்த அலுப்பு தெரியாமல் இருக்கத்தான் வாயாடி இருந்தாள். பெற்றவர்கள் வைத்த பேர் அங்கே ஒருத்தருக்கும் ஞாபகமில்லை. முதலாளி நடக்கிற மாதிரி அவள் நடந்து காட்டினால் பாய்லர்காரர் சிரித்துச் சிரித்துக் கரி போட மறந்துவிடுவார்.

மூன்று நாளாய் அவள் பேசவில்லை.

மூன்று நாளைக்கு முன்னால் அவளுடைய நாத்தனாரின் வலது கை அந்த உருளைக்குள் போய்விட்டது. உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. விரல் பட்டால் கம்பி எழும்பும், மெஷின் நின்றுவிடும். ஆனால் விரிப்பின் தடித்த ஓரம் பட்டாலும் எழும்பித் தொலைக்கும். இப்படி நின்று நின்று ஓடினால் முதலாளி கேட்கிற வேகத்துக்கு எங்கே போவது? அதனால் கிழிந்த விரிப்பிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து, மேஜைக்கு அடியில் கம்பியை இழுத்துக் கட்டிவிடுவார்கள். எல்லா மெஷினிலும் இதுதான் வழக்கம். அன்றைக்குக் காலையில் கட்டியது வாயாடி. ஆள் குறைகிறது என்று, மடிப்பு மேஜையில் இருந்த நாத்தனாரை முதலாளி அந்த மெஷினுக்கு மாற்றியது அதற்கப்புறம். கம்பி கட்டியிருப்பது அவளுக்குத் தெரியாது.

"அண்ணி, கம்பி ஏன் மெஷினை நிறுத்தல?"

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்தப் பெண் கேட்டது இது ஒன்றுதான். ஊர் வாயையெல்லாம் அடைக்கிற வாயாடி, "தூங்கும்மா" என்று சொல்லிவிட்டு வந்தவள்தான்.

ஏழு மணிக்கு முதலாளி ஒரு காகிதத்தோடு வந்தார். தொழிலாளியின் கவனக்குறைவால் விபத்து என்று எழுதி, கீழே எல்லாரும் கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தது. போட்டுவிட்டால் நாத்தனாருக்கு வைத்தியச் செலவும் கிடைக்காது, வேலையும் இருக்காது.

"போட மாட்டோம்," என்றார் பாய்லர்காரர். "அவ கைக்கு ஒரு வழி சொல்லுங்க, அப்புறம் மெஷின் ஓடும்."

முதலாளிக்குக் கோபம் வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஓட்டாதீங்க. அங்க ஆஸ்பத்திரியில விரிப்பு இல்லாம ஆபரேஷன் நிக்கட்டும். அறுத்த வயித்தோட அழுக்குத் துணியில படுக்கட்டும். உரிமைன்னா ஓடி வர்றீங்க, பொறுப்புன்னா ஒருத்தரையும் காணோம். சரி, கம்பியைக் கட்டினது யாரு? நானா?"

அவரவர் மெஷினுக்கு அடியில் அவரவர் கட்டிய துணி. ஒருவரும் தலை நிமிரவில்லை.

வாயாடியின் புருஷன் செத்தபிறகு அந்த வீட்டைத் தாங்கியது அவளும் நாத்தனாரும்தான். இப்போது அவள் ஒருத்தி. சொன்னால் இந்த வேலையும் போகும். சொல்லாவிட்டால், கை வெந்து கிடக்கிறவள் தலையிலேயே பழி. சே, இதென்ன பிழைப்பு!

"நான்தான் கட்டினேன்," என்றாள்.

"அடிப்பாவி!" இரண்டாம் மெஷின் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "உன் வீட்டுப் பொண்ணாச்சேடி!"

"ஆமாக்கா. தப்புதான். அதை வேற யார் தலையிலயும் போட மாட்டேன்." மூன்று நாள் அடைத்துக் கிடந்த வாய் திறந்துகொண்டது. "ஆனா ஐயா, நான் குனிஞ்சு கட்டறப்ப பக்கத்துல நின்னது யாரு? 'இப்பத்தான் மெஷின் மூச்சு விடாம ஓடுது'ன்னு சிரிச்சது யாரு? கட்டாதவளை வீட்டுக்குப் போன்னு விரட்டினது யாரு? என் பங்குப் பொறுப்பை நான் எடுத்துக்கிட்டேன். உங்க பங்கை எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

"இன்னியோட உனக்கு இங்க வேலை இல்ல. போ வெளியே."

அவள் துண்டை உதறித் தோளில் போட்டாள். அதற்குள், திட்டின வாய் இன்னும் மூடாமலே, இரண்டாம் மெஷின் அக்கா கத்தரிக்கோலோடு தன் மேஜைக்கு அடியில் குனிந்தாள். துணி அறுந்து கம்பி டங்கென்று விடுபட்டது. பிறகு மூன்றாம் மெஷின், நான்காம் மெஷின். கைக்குழந்தைக்காரி ஒருத்தி மட்டும் அழுதுகொண்டே நின்றாள்; கடைசியில் அவளும் குனிந்தாள்.

பாய்லர்காரர் அறுந்த துணிகளைப் பொறுக்கி முதலாளியின் காகிதத்தின் மேல் வைத்தார். "ஆஸ்பத்திரி விரிப்பை இன்னிக்கே வெளுத்துக் குடுப்போம். நோயாளிமேல எங்களுக்கென்ன கோவம்? ஆனா கம்பி அவிழ்ந்துதான் இருக்கும், நின்னு நின்னுதான் ஓடும். ஹோட்டல் மூட்டையைத் தொட மாட்டோம். இவளும் எங்களோடதான் நிப்பா."

மெஷின்கள் நின்று நின்று ஓடின. முதலாளி அறைக்குள் யார் யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார். நாளைக்குக் கதவு திறக்குமா, பூட்டு தொங்குமா, ஒருத்தருக்கும் தெரியாது. மதியம் தொழிலாளிகளே தொழிலாளர் அதிகாரிக்கு ஒரு காகிதம் எழுதினார்கள். 'கம்பியைக் கட்டியவர்கள் நாங்கள்' என்பது முதல் வரி. 'கட்டினால்தான் வேலை என்று வைத்தவர் முதலாளி' என்பது இரண்டாவது. அதன் கீழே எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

சாயங்காலம் வாயாடி அதை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனாள். அன்று அவர்கள் அனுப்பிய விரிப்புதான் கட்டிலில் கிடந்தது. நாத்தனார் இடது கையால் வாங்கி முதல் வரியைப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"நம்ம மெஷின்ல கட்டினது யாரு?"

"நான்தாம்மா."

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். வாயாடி எழுந்து போகவில்லை.

"கட்டறப்ப யாரையும் நெனைக்கலையா அண்ணி?"

"நெனைக்கலம்மா."

அவள் இந்தப் பக்கம் திரும்பினாள்; அந்த இடது கை நீண்டது.

"பேனா குடுங்க. கையெழுத்து கோணலாத்தான் வரும்."

காகிதம் நழுவாமல் இருக்க வாயாடி அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.