ஒரு விரற்கடை தூரம்

"எவ்வளவு தூரம்லே இருக்கும், மக்கா?"

"ஒரு விரக்கடைம்மா."

"போலே, கள்ளப் பயலே. நான் நெசத்துக்குக் கேக்கேன்."

"நானும் நெசமாத்தான் சொல்லுதேன். அப்பாக்க ஆசியாப் படத்துல வந்து பாரு. இது நம்ம இரணியலு. இது இலங்கையில கேகாலை. நடுவுல கொஞ்சம் தண்ணி. ஒனக்க சுண்டுவிரல வச்சா எல்லாம் மறஞ்சிரும்."

"அந்தத் தண்ணியில மீனு உண்டாலே?"

"உண்டு உண்டு. எல்லாம் நம்ம குளச்சலு மீனுதான். நீ இஞ்ச புளிமுளக் கறி வச்சா மணம் எனக்கு அங்க வரும்."

நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த தங்கபாய் அன்று அடுப்படியே அதிரும்படி சிரித்தாள். மகன் ரசலையன் ரப்பர் தோட்டத்துக் கிளார்க்கு வேலைக்குக் கடல் தாண்டிப் போவதற்கு அவள் கொடுத்த சம்மதம் அந்தச் சிரிப்புதான். வேறு வார்த்தை எதுவும் அவள் வாயிலிருந்து வரவில்லை. வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இப்போது பாத்திரம் கழுவும்போதும் தேங்காய் திருவும்போதும் நினைத்து நினைத்து, பதில் கிடைக்காமல் விட்டுவிடுவாள்.

அவள் கணவர் ஞானதாசன், இரணியலுக்கு அடுத்த மிஷன் நடுத்தரப் பள்ளியில் பூகோள வாத்தியார். ஏழாம் வகுப்பு முடியும் மாதத்தில் அவர் வீட்டு வாசலில் மட்டிப்பழக் குலைகள் வந்து குவியும். பிள்ளைக்குப் 'பாடம் கேட்க' வருகிறவர்கள் கொண்டுவருவது அது. ஜாதகம் பார்க்காத வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வாத்தியார் வாக்குத்தான் ஜாதகம். பிள்ளையை எதிரே நிறுத்திவைத்து, "நீ எந்தப் பாடத்துக்க பிள்ளை?" என்று கேட்பார். பிள்ளை முழிக்கும். அவரே சொல்லுவார். மலையாளம் பிழையில்லாமல் எழுதுகிறவன் பகுதிக் கச்சேரிக்கு, சர்க்கார் ஆபீஸ் வேலைக்குப் போகவேண்டும். திருவனந்தபுரத்துச் சர்க்காருக்குத் தமிழில் மனுப் போட்டால் நடக்காது. கணக்கு வருகிறவனுக்குக் கோட்டாற்றுக் கடைத்தெரு. சுகாதாரப் பாடத்தில் எலும்பின் பெயரெல்லாம் ஒப்பிக்கிறவளுக்கு ஆஸ்பத்திரி நர்ஸ் வேலை. தையல் வந்தால் லேஸ் பின்னலாம். சித்திரம் வந்தால் மராமத்து இலாகா. அணைக்கும் பாலத்துக்கும் படம் வரையலாம்.

"ஏழாங்கிளாசுல படிக்கிற ஒண்ணும் வீணில்ல. ஒவ்வொரு பாடத்துக்கும் பொறத்தால ஒரு சோறு இருக்கு" என்பார்.

அவர் சொன்னபடி போன பிள்ளைகள் பெரும்பாலும் நன்றாகத்தான் இருந்தார்கள். அதனால்தான் பழக்குலை வந்தது.

ரசலையனுக்கும் அவர் பாடம் சொன்னார். பையனுக்குச் சித்திரமும் வரும், பூகோளமும் வரும். அவன் வரைந்த தேவாலயத்துப் படம் ஒன்று இப்போதும் அடுப்படிச் சுவரில் புகையேறித் தொங்குகிறது. சித்திரம் என்று சொல்லியிருந்தால் பேச்சிப்பாறைப் பக்கம் மராமத்தில் சேர்ந்திருப்பான். சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருப்பான். ஆனால் ஆயுள் முழுக்க ஆசியாக் கண்டத்துப் படத்தின் முன்னால் பிரம்போடு நின்றவர், திருநெல்வேலிக்கு அப்பால் ஓர் ஊரையும் கண்ணால் காணாதவர், மகன் தலையில் கைவைத்து, "நீ பூகோளத்துக்க பிள்ளை" என்றார். பையனும் துள்ளிக் குதித்தான். அவனுக்கும் அதுதான் ஆசை. யாரைக் குறை சொல்ல?

போன வருஷத்துக்கு முந்தின மழைக்காலத்தில் இலங்கையில் மலைக்காய்ச்சல் கிளம்பி, கேகாலைப் பக்கம் வீடு வீடாக வாரிக்கொண்டு போயிற்று. தை மாதம் அது ரசலையனையும் கொண்டுபோயிற்று. செய்தி இங்கே வந்து சேரும்போது அங்கே அடக்கம் முடிந்துவிட்டிருந்தது. கோயிலில் ஆராதனை நடந்தது. ஊரே வந்து அழுதது. பெட்டி மட்டும் இல்லை.

அதற்குப் பிறகு ஞானதாசன் பாடம் சொல்வதை விட்டுவிட்டார். பள்ளியில் ஆசியாப் படத்தைச் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் செருகிவிட்டாராம். வீட்டில் மகன் பெயரை எடுப்பதில்லை. தங்கபாயும் எடுப்பதில்லை, எடுத்தால் மனுஷன் உடைந்து போவார் என்று பயம்.

ஆனால் அவளுக்கு ஒரு ஆசை இருந்தது. கிறிஸ்மசுக்கு முன்னால் சபையார் கல்லறைத் தோட்டத்தில் புல் செதுக்கி, அவரவர் குடும்பக் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். போன கிறிஸ்மசுக்கு அவளும் போனாள். மாமனார் கல்லறைக்கு ஒரு பூச்சு பூசினாள். வாளியில் சுண்ணாம்பு மிச்சம் கிடந்தது. எங்கே அடிப்பது என்று தெரியாமல் அதே கல்லறைக்கு இன்னொரு பூச்சு பூசிவிட்டு வந்தாள். அன்றைக்கு நெஞ்சில் விழுந்த அந்த ஆசையை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன பயன்? பரலோகம் எந்தத் திசையில் இருக்கிறதென்று தெரிந்தால்தானே போகலாம்? கேகாலையும் அவளுக்கு அப்படித்தான் இருந்தது.

அதற்கு அடுத்த பங்குனியில் ஒருநாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு நேசம்மாள், மகள் பூங்கனியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். இன்னொரு கையில் மட்டிப்பழம்.

"சாரே, இவளுக்குப் பாடம் சொல்லணும். ஏழு முடியப்போவுது."

ஞானதாசன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "எனக்கு இப்பம் சொல்லத் தெரியாது நேசம்மா. பழத்தக் கொண்டுட்டுப் போ."

"நல்ல கதையா இருக்கே! கொலைய வெட்டியாச்சு. திருப்பிக் கொண்டுபோனா இவளுக்க தம்பிமாரு மூணும் தின்னுட்டு வயித்தோட்டம் எடுத்துக் கெடப்பானுவ. அதுக்கு மருந்தும் நீங்கதான் தரணும்."

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றங்கரைப் பக்கம் நடந்துவிட்டார்.

நேசம்மாளுக்கு முகம் சிறுத்துப் போயிற்று. "நான் வேணும்னு கேக்கலக்கா. இந்தக் குட்டி தெனமும் பிராணன வாங்குதா."

"தெரியுமட்டீ. நீ போய் ஒலைய வையி. பழமும் பிள்ளையும் இஞ்ச நிக்கட்டு" என்றாள் தங்கபாய்.

பூங்கனி அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள். அவள் கையில் ஒரு சுருள் இருந்தது. வாத்தியாரிடம் காட்டக் கொண்டுவந்தது போலும். தங்கபாய் ஒரு பழத்தை உரித்துக் கொடுத்து, "அது என்னம்மா?" என்று கேட்டாள்.

"நான் வரஞ்ச படம்." சிறுமி தரையில் விரித்தாள். மேலே ஒரு மூலையில் நம் நாடு. கீழே, மாங்காய் தொங்குவது போல இலங்கை. தங்கபாய் அடுப்புத் தீயைத் தள்ளி வைத்துவிட்டுக் கிட்டே வந்து குந்தினாள்.

"இதுல கேகாலை எங்க இருக்கு?"

பூங்கனி தொட்டுக் காட்டினாள்.

"இரணியலு?"

அதையும் காட்டினாள். தங்கபாய் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தாள். எட்டவில்லை. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் அகல விரித்து வைத்தாள். ஒரு சாண். ஒரு சாணுக்கும் கொஞ்சம் கூடுதல்.

"ஒரு விரக்கடைன்னுல்லா சொன்னான்…" என்றாள்.

"அது ஆசியாப் படத்துலம்மா. சீனா, ருசியா எல்லாம் அதுக்குள்ள அடங்கணும்லா? அதுனால எல்லாத்தையும் சுருக்கியிருக்கும். இது ரெண்டு நாடு மட்டும்தானே, அதுனால தூரம் தெரியுது."

தூரம் தெரியுது. தங்கபாய் விரித்த கையை மடக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

"அங்க ஆளுக போவினுமா, மக்கா?"

"பின்ன போகாமலா? வழிதான் எங்க எல்லாருக்கும் தெரியுமே. பரீட்சைக்கு உள்ளதுல்லா." பூங்கனி கையைக் கட்டிக்கொண்டு, வகுப்பில் ஒப்பிக்கிற ராகத்தில் தொடங்கினாள். "இரணியலில் பஸ் ஏறி நாகர்கோவில். நாகர்கோவிலில் இருந்து தோவாளை, ஆரல்வாய்மொழி வழியாகத் திருநெல்வேலி. திருநெல்வேலியில் ரயில் ஏறித் தூத்துக்குடி. தூத்துக்குடியில் சாயங்காலம் கப்பல் ஏறினால் விடியும்போது கொழும்பு. கொழும்பில் இருந்து ரயில், பிறகு மோட்டார், கேகாலை."

"இது ஒனக்கு யாரு சொல்லித் தந்தா?"

"சாருதான்."

"எப்பம்?"

"இந்த வருசந்தான். எங்க அண்ணனுக்குப் படிப்பிக்கும்போ கண்டி வரைக்குமுள்ள வழியத்தான் கேப்பாராம். எங்களுக்குக் கேகாலை." சிறுமி கொஞ்சம் தயங்கினாள். "படம் மாட்டமாட்டாரு. ஒவ்வொருத்தரா எழும்பி ஒப்பிக்கணும். நாங்க சொல்லும்போ சார் சன்னலப் பாத்துட்டே நிப்பாரு. ஒருத்தர் ஒரு ஊர விட்டுட்டாலும் முதல்ல இருந்து சொல்லச் சொல்லுவாரு."

தங்கபாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தன் மகன் கிடக்கும் இடத்துக்கு வழி தெரிந்திருக்கிறது. பெற்றவளுக்குத் தெரியவில்லை. பேசாத மனுஷன் நாள்தோறும் பள்ளிக்கூடத்தில் நின்று, ஊரான் பிள்ளைகளின் வாயால் அங்கே போய்ப் போய் வந்துகொண்டிருக்கிறார்.

"அம்மா, சார் எனக்குப் பாடம் சொல்லமாட்டாரா? பூகோளம்னு சொன்னாப் போதும். நான் வாத்திச்சி ஆயிருவேன்."

"பழம் இஞ்ச இருக்குல்லா, சொல்லாம எங்க போவாரு. நீ போ மக்கா" என்று அவள் தலையைத் தடவினாள். "அந்த வழிய மட்டும் எனக்கு இன்னொருக்கா சொல்லித் தந்துட்டுப் போ."

விளக்கேற்றும் நேரத்துக்கு ஞானதாசன் திரும்பி வந்து கை கழுவி உட்கார்ந்தார். தங்கபாய் கஞ்சியும் பயறும் வைத்தாள். பிறகு உள்ளே போய், மூலையிலிருந்த பானையைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள்.

அவர் மூடியைத் திறந்து பார்த்தார். அரிசி. "பிடியரிசியா? ஞாயித்துக்கிழமைதானே சபைக்குக் கொண்டுபோவாவ?"

ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைச் சபைக்கென்று எடுத்து வைப்பது அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண்களின் வழக்கம்.

"சபைக்கு உள்ளது வேற பானையில இருக்கு" என்றாள் தங்கபாய். "இது அவனுக்க பிடி. அவன் பஸ் ஏறின அன்னைக்குத் தொடங்கினது. நல்லபடியாத் திரும்பி வந்தா காணிக்கை வைக்கணும்னு நெனச்சேன். வரல்ல. கை நிக்கமாட்டேங்குது."

"இத்தன நாளா வச்ச அரிசி வண்டு பிடிச்சிராதா?"

"பிடிக்கும். பழச உங்களுக்கு வடிச்சுப் போட்டுட்டு, அந்த அளவுக்குப் புதுசு வைப்பேன். நீங்க தின்னதெல்லாம் அவனுக்க அரிசியும் கூடித்தான்."

ஞானதாசனின் கை கஞ்சிக் கிண்ணத்திலேயே நின்றுவிட்டது. "சித்திரம்னு ஒரு வார்த்த நான் சொல்லியிருந்தா…" என்று தொடங்கினார்.

"அத நான் கேக்கல்ல. அத நீங்களும் கேக்காதிங்க." அவள் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். ஒப்பிக்கிற பிள்ளையைப் போலக் கைகளைக் கட்டிக்கொண்டாள். "இரணியல்ல பஸ் ஏறி நாகர்கோவிலு. அங்க இருந்து தோவாளை, ஆரல்வாய்மொழி, திருநெல்வேலி. ரயில் ஏறித் தூத்துக்குடி. சாயங்காலம் கப்பல் ஏறினா விடியும்போ கொழும்பு. கொழும்புல இருந்து…"

அவளுக்கு மறந்துபோயிற்று. உதடு மட்டும் அசைந்தது.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ரயிலு" என்றார். "பொறவு மோட்டாரு."

"பொறவு மோட்டாரு. பொறவு கேகாலை."

ஒரு ஊரும் விடாமல் சொல்லிவிட்டாள். ஞானதாசன் திரும்பி அவளைப் பார்த்தார். மகன் போனபின் அவர் அவளை நேராகப் பார்த்தது அன்றுதான்.

தங்கபாய் பானையை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"என்ன ஒருக்கா அங்க கூட்டிட்டுப் போங்க. எனக்க பிள்ளைக்க கல்லறைக்கு நான் சுண்ணாம்பு அடிக்கணும்."