பெரு நாட்டு மீனை வறுத்தவன்

1

இதை முன்னுரையாகத்தான் ஆரம்பித்தேன். நான் மொழிபெயர்த்த பெரு நாட்டு நாவல் பதினாறு வருடங்களுக்குப் பிறகு மறுபதிப்பாகிறது. பதிப்பாளர் ஆன்றோ இரண்டு பக்கம் கேட்டார். முன்னுரையில் பொய் சொல்வது மரபு. எனக்கு அதில் நல்ல பழக்கமும் உண்டு. இந்தமுறை என்னவோ கை ஓடவில்லை. அதனால் கதையாகிவிட்டது. கதையில் உண்மை சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், அது ஒரு வசதி.

நாவலின் பின்னட்டையில் ஒரு வரி: 'ஸ்பானிஷிலிருந்து நேரடியாகத் தமிழுக்கு.' எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. ஆங்கிலத்திலிருந்துதான் பெயர்த்தேன். ஆனால் அந்த ஒரு வரியால், அழைப்பிதழ்களில் என் பெயருக்கு முன்னால் 'ஸ்பானிஷ் அறிஞர்' என்று அச்சாகிறது. மறுபதிப்பிலும் அது வேண்டுமென்கிறார் ஆன்றோ.

பொய்யைத் திருத்துவானேன், உண்மையாக்கிவிடலாமே என்று ராயபுரத்துக் கல்லூரி ஒன்றில் ஆறு வாரத் தீவிர ஸ்பானிஷ் வகுப்பில் சேர்ந்தேன்.

2

வகுப்புக் காட்சிக்கு மூன்று தொடக்கங்கள்:

'கடற்காற்றில் ஒரு கண்டத்தின் குரல் மிதந்து வந்த அந்தக் காலையில்' (திருவொற்றியூரிலிருந்து கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஷேர் ஆட்டோவில் வந்தேன். மிதந்து வந்தது டீசல் புகை. அடித்துவிட்டேன்.)

'மொழி என்பது ஒரு' (என்னவென்று தெரியவில்லை.)

'முதல் நாள் என் பக்கத்தில் பிலோமி உட்கார்ந்தாள்.' (இது இருக்கட்டும்.)

பிலோமிக்குக் கப்பல்களுக்கு மளிகையும் காய்கறியும் சப்ளை செய்யும் கம்பெனியில் வேலை. எண்ணூரில் கப்பலேறி, சமையல்காரர்களிடம் என்னென்ன வேண்டுமென்று எழுதி வாங்க வேண்டும். ஏன் சேர்ந்தீர்கள் என்று ஆசிரியர் ஷாரிக் எல்லோரையும் கேட்டார்.

"இலக்கியத்தை ஊற்றுக்கண்ணிலேயே பருக" என்றேன் நான்.

"வெங்காயம் எத்தினி மூட்டைன்னு கேக்கணும் சார்" என்றாள் பிலோமி.

மூன்றாவது வாரத்தில் அவள் வெங்காயத்தைக் கடந்து, ஸ்பானிஷில் கோபித்துக்கொள்ளவே கற்றிருந்தாள். நான் 'பூனை பால் குடிக்கிறது' என்பதில் நின்றேன்.*

* நான் சொன்னதைக் கேட்டால் பால்தான் பூனையைக் குடிக்கிறது என்றார் ஷாரிக்.

3

(ஒரு சந்தேகம். பிலோமியை ரொம்பக் கெட்டிக்காரியாக எழுதுகிறேனோ? 'எளிய மனிதரின் ஞானம்' என்று யாராவது கண்கலங்கிவிடுவார்கள். ஆகவே ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன்: தினமும் என் பேனாவை வாங்குவாள், திருப்பித் தரமாட்டாள்.)

நான்காவது வாரம் நூலகத்திலிருந்து என் நாவலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"இன்னா சார், புக்கே போட்டுட்டு இங்க பூனைக்குப் பால் ஊத்திக்கினுகீறீங்க?"

"டச் விட்டுப்போச்சும்மா."

"அத்த வுடுங்க. நாப்பத்தேழாம் பக்கத்துல ஏன் சார் மீன வறுத்தீங்க?"

"எந்த மீனை?"

"'மசாலாவில் ஊறிய மீனைப் பொன்னிறமாக வறுத்து'ன்னு கீதே! பெருல அத்த வறுக்க மாட்டாங்க சார். பச்ச மீன்ல எலுமிச்சம்பழம் புழிஞ்சு ஊறவச்சு அப்டியே துன்னுவாங்கோ. போன மாசம் வந்த கப்பல்ல குக்கு பெருக்காரரு. பழம் சப்ளை நான்தான்."

ஆங்கிலத்தில் 'ஊறவைத்த மீன்' என்று மட்டுமே இருந்தது. ஊறவைத்த மீனை வறுக்காமல் வேறென்ன செய்வார்கள் என்று நானே அடுப்பைப் பற்றவைத்தேன். மசாலாவும் என் கைச்சரக்கு. ஒரு விமர்சகர் அந்தப் பக்கத்தைக் குறிப்பிட்டு, 'மூலத்தின் மணம் கமழ்கிறது' என்று எழுதியிருந்தார்.

"அப்ப நீங்க ஸ்பானிஷ்ல படிக்கவே இல்ல, அதானே?"

நான் கரும்பலகையைப் பார்த்தேன்.

"நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிடுங்க" என்றாள். பேனா கேட்டாள். கொடுத்தேன்.

4

கடைசி வாரம் ஷாரிக் அரைப்பக்கம் எழுதச் சொன்னார். தலைப்பு, 'என் முன்னேற்றம்'. முதலில் தமிழில் எழுதிப் பார்த்தேன்: 'என்னுள் புதிய சாளரங்கள் திறந்து, பண்பாடுகளின் சங்கமத்தில் நான்'

இதற்கெல்லாம் என்னிடம் ஸ்பானிஷ் இல்லை. மொத்தம் இருநூறு சொல். இருநூறு சொல்லில் பந்தா பண்ண முடியாது என்பதை அன்றுதான் கண்டுகொண்டேன். கடைசியில் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்:

'நான் ஒரு மனிதன். எனக்கு ஐம்பத்து நான்கு வயது. எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. என் புத்தகம் தெரியும் என்கிறது. மீன் பச்சை. நான் வறுக்கிறேன். மன்னிக்கவும்.'

ஷாரிக் என் மற்ற புத்தகங்களையும் படித்தவர். தாளைத் தரும்போது சொன்னார்: "சார், நீங்க எழுதி எனக்கு முழுசாப் புரிஞ்சது இதான்."

5

ஆன்றோ போனில் சொல்லிவிட்டார்: "முன்னுரையில எதையாவது எழுதுங்க, அத யாரு வாசிக்கப் போறா? பின்னட்டை வரியத் தொடாதீங்க. அது போனா மறுபதிப்பே வேண்டாம்." ஆகவே இந்தக் கதையே முன்னுரையாகப் போகிறது.

யானைக்கவுனி அச்சகத்திலிருந்து மெய்ப்பு வந்திருக்கிறது. நாற்பத்தேழாம் பக்கத்தில் அடுப்பை அணைத்து எலுமிச்சம்பழம் பிழிந்தாயிற்று. பின்னட்டை மட்டும்தான் பாக்கி.

முடிவு அ: வரியை அடிக்கிறேன். ஆன்றோ கோபித்துக்கொண்டு, பிறகு

முடிவு ஆ: வரியை விட்டுவிடுகிறேன். ஒரே புத்தகத்தில் முன்னால் உண்மை, பின்னால் பொய். நடுவில் ஒரு பச்சை மீன்.

முடிவு இ: அடிப்பதற்குப் பேனாவைத் தேடுகிறேன். அது பிலோமியிடம் இருக்கிறது.

இப்போதைக்கு நடந்திருப்பது மூன்றாவதுதான். அதற்குமேல் என்ன ஆனதென்று புத்தகத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். வரி இன்னும் அங்கேயே இருந்தால், உங்களிடமாவது ஒரு பேனா இருக்கும் அல்லவா?