செலீனாவுக்கு ஓர் ஆம்பிளைத் துணை

மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த சப்பாத்துக் கடைக்குச் செலீனாதான் பொறுப்பு. ஆறு வருடமாக மாலை ஏழு மணிக்கு அதைத் தனியே பூட்டி வந்தாள். கடையின் பின்கதவு ஓர் ஒடுங்கிய ஒழுங்கைக்குள் திறக்கும். அங்கே வெளிச்சம் கிடையாது. ஒருநாள் பூட்டும்போது இருட்டுக்குள் யாரோ ஒருவன் நின்றான். டோர்ச் அடித்ததும் மெல்ல நழுவிப் போனான். ஒரு லைட் போட்டுத் தரவேண்டும், பூட்டும்வரை இன்னோர் ஆளும் நிற்கவேண்டும் என்று வவுனியாவில் இருந்த மேலதிகாரி அருட்பிரகாசத்துக்கு மூன்று கடிதம் எழுதினாள்.

பதிலாக ஒரு சுற்றறிக்கை வந்தது. பெண்கள் தனியே கடை பூட்டக் கூடாதாம். ஆண் ஊழியர் ஒருவர் கட்டாயம் உடன் இருக்க வேண்டுமாம்.

கடையில் செலீனாவோடு வேலை செய்தவர்கள் விற்பனைப் பெண் றாபியாவும் பஸ்ரியனும்தான்; ஒரே ஆண் பஸ்ரியன். வயது ஐம்பத்தெட்டு. பொழுது பட்டால் கண் தெரியாது. ஐந்தரை பஸ்ஸில் தலைமன்னாருக்குப் போய்விடுகிற அந்த மனிதரை ஏழு மணிவரை மறித்துவைத்து, பூட்டிய பிறகு கையைப் பிடித்துக் கூட்டிப்போய் பஸ் ஏற்றிவிடுவது செலீனாவின் புது வேலையாயிற்று.

"பிள்ளை, நான் உனக்குக் காவலோ, நீ எனக்குக் காவலோ?" என்று கேட்பார்.

"கடதாசியில நீங்கள்தான் அண்ணை காவல். கால் கவனம், தண்ணிக் கான் வருது."

பஸ்ரியன் கண் ஒப்பரேஷனுக்காக லீவு போட்ட அன்று அருட்பிரகாசம் பக்கத்து ஊரான அடம்பனில் இருந்த கிளைக் கடைக்கு வந்திருந்தார். செலீனா போன் எடுத்தாள்.

"சேர், இண்டைக்கு ஆம்பிளை இல்லை. நானும் றாபியாவும் சேர்ந்து பூட்டட்டோ?"

"றாபியா ஆம்பிளையோ? சுற்றறிக்கையில உள்ளபடி செய்யும்."

"ஓம் சேர். அப்ப நாங்கள் பூட்டேல்லை. நீங்கள் வாங்கோ."

ஏழரைக்கு அவர் வியர்த்துக்கொண்டு வந்து சேர்ந்தார். செலீனா சாவிக் கோர்வையைப் பணிவாக நீட்டினாள்.

"ஆம்பிளை தனியப் பூட்டக் கூடாதெண்டு அதில எழுதேல்லைத்தானே சேர். நாங்கள் முன்னுக்கு நிக்கிறம்."

அவளும் றாபியாவும் எதிரே தேத்தண்ணிக் கடை மர வாங்கில் போய் உட்கார்ந்தார்கள். பிளேன்ரீ வருவதற்கு முன்பே உள்ளேயிருந்து ஓர் அலறல் கேட்டது.

"கள்ளன்! கள்ளன்!"

ஒற்றைச் சப்பாத்தோடு அருட்பிரகாசம் தெருவுக்கு ஓடிவந்தார். பின்கதவால் அவர் இறங்கியபோது ஏதோ ஒன்று அவருடைய முதுகில் மூச்சு விட்டதாம். தேத்தண்ணிக் கடைச் சனமெல்லாம் உள்ளே பாய்ந்தது. மன்னார்த் தெருக்களில் திரிகிற கழுதைகளில் ஒன்று திறந்து கிடந்த பின்கதவால் கடைக்குள் வந்து நின்று, புதுச் சரக்கு வந்த காட்போட் பெட்டியை ஆறுதலாகத் தின்றுகொண்டிருந்தது. செலீனா அதன் காதைப் பிடித்து வெளியே விட்டாள். பின்கதவைப் பூட்டினாள், ஷட்டரையும் இழுத்தாள். றாபியா அவருடைய மற்றச் சப்பாத்தைத் தேடிக் கொடுத்தாள்.

சனம் கலைந்த பிறகு அவர் தணிந்த குரலில் கேட்டார்: "ஒவ்வொரு நாளும் இந்த இருட்டுக்குள்ளயோ பூட்டினனீர்?"

"ஓம் சேர். கழுதைக்கு எனக்குப் பயமில்லை. அண்டைக்கு நிண்டது மனிசன். அதைத்தான் மூண்டு தரம் எழுதினனான்."

நான்காம் நாள் பின்கதவுக்கு மேலே லைட் எரிந்தது. மாத முடிவில் புதுச் சுற்றறிக்கையும் வந்தது: ஆணோ பெண்ணோ, யாரும் தனியே பூட்டலாகாது, எப்போதும் இருவர் இருக்க வேண்டும்.

கறுப்புக் கண்ணாடியோடு வேலைக்குத் திரும்பிய பஸ்ரியனுக்குச் செலீனா அதை வாசித்துக் காட்டினாள். இனி ஐந்தரை பஸ்ஸில் போகலாம் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. பிறகு கொஞ்சம் வாடியது.

"அப்ப இனி நான் ஆம்பிளைக் கணக்கில இல்லையோ பிள்ளை?"

"அதை வீட்டில உங்கட மனிசியிட்டைக் கேளுங்கோ அண்ணை," என்றாள் செலீனா.